சிரிக்க வச்சு கடைசியில கலங்கடிக்கிற எபிசோடை வீட்டோட உட்கார்ந்து மறுபடி பார்ப்பது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல, லாரன்ஸ் ரோட்டுலேர்ந்து பிரியற ஒரு சந்துல டிவி ரிப்பேர் கடை வச்சிருக்கேன். தொழிலுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊர்ல பாதிப் பேர் வீட்டு ஹால் எனக்கு அத்துப்படி. யார் வீட்டுல யார் எந்த நாற்காலியில உட்கார்ந்து என்ன பார்ப்பாங்கன்னு கேட்டா சொல்லிடுவேன். அந்த அனுபவத்துல சொல்றேன்: மனசைப் பிசையற ஒரு காட்சியை நாலு பேரோட உட்கார்ந்து பார்க்கறது லேசான வேலை இல்ல. பாதி டிவி செட்டிங்ஸ்ல கெடும். மீதி நம்ம வாயால கெடும்.

நான் சொல்லப்போறது ஒரே ஒரு எபிசோடைப் பத்தி. 'தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல் ஏர்'னு அமெரிக்காவுல 1990லேர்ந்து 1996 வரைக்கும் என்பிசி சேனல்ல ஓடின குடும்பக் காமெடி. மொத்தம் 148 எபிசோட். ஃபிலடெல்ஃபியாவுல ஏழைப்பட்ட ஏரியாவுல வளர்ந்த பையன் வில், அம்மா அனுப்பிவச்சதால கலிஃபோர்னியாவுல பணக்காரச் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்து தங்கறான். அதுலேர்ந்து வர கூத்துதான் கதை. இதுல நாலாவது சீசன், 24வது எபிசோட். 1994 மே 9ஆம் தேதி ஒளிபரப்பானது. 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ எக்ஸ்க்யூஸ்'னு தலைப்பு. 'அப்பா கையில புதுசா ஒரு சாக்கு'ன்னு நம்ம வாயில வச்சுக்கலாம். சின்ன வயசுல விட்டுட்டுப் போன அப்பா 14 வருஷம் கழிச்சு வந்து நிக்கறார். அவ்வளவுதான் கதை.

1994ல எனக்கு 16 வயசு. ஒரு கடையில எடுபிடியா டயனோரா, சாலிடேர் பெட்டிங்க பின்பக்கத்தைக் கழட்டி தூசி ஊதிக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுல இப்படி ஒண்ணு ஓடுதுன்னு எனக்கு எங்க தெரியும்? எனக்கு இதைக் காட்டினது எங்க வீட்டுப் பையன். அவனா காட்டல. ராத்திரி மாடியில தண்ணித் தொட்டி நிரம்பிடுச்சான்னு பார்க்கப் போனேன். இருட்டுல உட்கார்ந்து போன்ல ஏதோ பார்த்துக்கிட்டிருந்தான். தொப்பி போட்ட ஒரு வாலிபன் கத்தறான், உடம்பான ஒரு பெரியவர் அவனை இழுத்து அணைச்சுக்கறார். பின்னாடி எவனோ சோகமா பியானோ வாசிச்சு சேர்த்துவிட்டிருக்கான். ரெண்டு நிமிஷம். முடிஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து. நான் மோட்டாரை நிறுத்திட்டு கீழ இறங்கிட்டேன்.

பையன் என் மகன் இல்ல. என் வீட்டுக்காரம்மாவோட தங்கச்சி மகன். என்னைப் பெரியப்பான்னு கூப்பிடுவான். தானே புயல் வந்தப்ப, அதாவது 2011 டிசம்பர் 30, அவனுக்கு நாலு வயசு. எங்க ஊர்லயே முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சு கிடந்த வருஷம். அதுக்கு அடுத்த வருஷம் அவன் அப்பா, அதாவது என் சகலை, வேலை பார்க்கப் போறேன்னு கிளம்பினவர். உசுரோடதான் இருக்கார். எப்பவாவது போன் வரும். அதுக்கு மேல அவரைப் பத்தி இங்க வேணாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

கிளிப்பை ஒதுக்கி வைங்க. இதுதான் முதல் காரியம். அந்த ரெண்டு நிமிஷத்தை நூறு தடவை பார்த்தவங்களுக்குக்கூட எபிசோட் தெரியாது. அழுகை அந்த ரெண்டு நிமிஷத்துல இல்ல, அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் நம்மளைச் சிரிக்க வச்சான் பாருங்க, அதுல இருக்கு. பியானோ சேர்த்த கிளிப்புல அழுவதுக்கு நாம தயாரா உட்கார்ந்திருக்கோம். எபிசோடுல அப்படி யாரும் தயாரா இல்ல. ஸ்டுடியோவுல எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த ஜனமும் தயாரா இல்ல. அவங்க சிரிக்கத்தான் வந்திருந்தாங்க.

முதல் நாளே இதே சீரியல்ல சாதாரணமான ஒரு எபிசோடைப் போட்டுவிடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல. அந்த வீட்டுப் பையன் கார்ல்டன் ஆடற ஆட்டத்தைப் பார்க்கணும். வில்லோட கூட்டாளி ஜாஸை அந்த வீட்டுப் பெரியவர் பில் வாசல்லேர்ந்து தூக்கி வெளிய எறியறதைப் பார்க்கணும். (எறியற காட்சிக்கு ஒரே ஷாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடுவாங்க. ஜாஸ் எப்ப அந்தக் குறிப்பிட்ட சட்டையோட வீட்டுக்குள்ள வந்தாலும் எறியப்படப் போறார்னு அர்த்தம். என் பொண்ணு ரெண்டாவது தடவையே கண்டுபுடிச்சிட்டா.) அந்தப் பெரியவர் எவ்வளவு கத்துவார், எவ்வளவு சுலபமா கோபப்படுவார்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். அப்பதான் மறுநாள் அவர் கத்தாம நிக்கறது உறைக்கும்.

எந்த ஆப்புல இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு இருக்கறது அடுத்த மாசம் இருக்காது. சீசன் 4, எபிசோட் 24ன்னு தேடுங்க.

அடுத்து உறவுமுறை. இதை விட்டுட்டா நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குக் கதையே மாறிடும். வில் அவரை 'அங்கிள் பில்'னு கூப்பிடறான். தானா மொழிபெயர்க்கிற தமிழ் சப்டைட்டிலைப் போட்டா 'மாமா'ன்னு வந்து தொலைக்குது. எங்க மாமியார், "தாய்மாமன்னா செய்யத்தானே வேணும், அவன் கடமை அது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. தப்பு. பில் வில்லுக்குத் தாய்மாமன் இல்ல. வில்லோட அம்மாவும் பில்லோட மனைவி விவியனும் அக்கா தங்கச்சி. அப்ப நம்ம கணக்குல பில் யாரு? பெரியப்பாவோ சித்தப்பாவோதான். எந்தப் பக்கம் போனாலும் வாலுல அப்பா உண்டு. அமெரிக்காக்காரனுக்கு இது தெரியாது, பாவம். அவன் அங்கிள்னு ஒரே டப்பாவுல எல்லாரையும் போட்டு மூடிடறான். கடைசிக் காட்சியில பில் வில்லுக்கு அப்பா மாதிரி ஆயிட்டார்னு எழுதி எழுதி உருகறாங்க. நம்ம பாஷையில அவர் முதல் எபிசோடுலேர்ந்தே அப்பாதான்.

இன்னொண்ணு. ஓடிப்போன அப்பா லூவும் பில்லும் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை? சகலை. இதைச் சொன்னதும் எங்க வீட்டு ஹால்ல எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. சகலை ரெண்டு பேர் ஒரு ஹால்ல எதிரெதிரே நின்னு பேசறதுன்னா அது என்ன வகைப் பேச்சுன்னு நமக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில பக்கத்துப் பக்கத்து இலையில உட்கார்ந்து, ரசம் வர வரைக்கும் வாயே திறக்காம இருப்போமே, அந்த முறை. அதனால தமிழ் சப்டைட்டில் வேணாம். இங்கிலீஷ் சப்டைட்டிலைப் போட்டுட்டு, முறையை மட்டும் நீங்க வாயால முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னும் ஒரு கேள்வி வரும், தயாரா இருங்க. பழைய சீசன் ஏதாவது பார்த்தவங்க, "பெரியம்மா வேற ஆளாச்சே?"ன்னு கேப்பாங்க. உண்மைதான். மூணு சீசன் விவியனா ஜேனட் ஹியூபர்ட் நடிச்சாங்க, நாலாவதுலேர்ந்து டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட். நம்ம ஊர் சீரியல்ல 'இனி இவருக்குப் பதில் இவர்'னு எழுத்துப் போட்டு ஒரு படத்தை ஒட்டுவாங்களே, அதேதான். இப்படிச் சொன்னா அஞ்சு நொடியில புரிஞ்சிடும்.

இப்ப என் தொழில். டிவியைச் சரி பண்ணாம உட்காராதீங்க.

பழைய படம் இது, சதுரமா 4:3ல எடுத்தது. உங்க டிவி அகலமானது. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். காசு குடுத்து வாங்கின டிவியில கறுப்பு ஏன்னு ரிமோட்டை எடுத்து 'வைட்', 'ஜூம்'னு அமுக்காதீங்க. வைட் போட்டா மூஞ்சி இட்லி மாதிரி அகலமாகும். ஜூம் போட்டா தலையும் காலும் வெட்டுப்படும். நம்ம எபிசோடுல கைங்க எங்க இருக்குங்கறது முக்கியம், அது வெட்டுப்படக்கூடாது. யாராவது இழுத்து ஏத்தின வீடியோவா இருந்தா அதை விட்டுட்டு வேற தேடுங்க.

படம் வழவழன்னு, நேர்ல யாரோ பக்கத்து ரூம்ல நடக்கற மாதிரி தெரியுதா? அது டிவி பண்ற வேலை. ரெண்டு பிரேமுக்கு நடுவுல தானா ஒண்ணைக் கற்பனை பண்ணிச் சொருகுது. சாம்சங்ல ஆட்டோ மோஷன் பிளஸ்னு இருக்கும், எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ. கிரிக்கெட்டுக்கு நல்லா இருக்கும், பந்து இழுபடாது. நடிப்பு பார்க்க அது ஆகாது. ஒருத்தன் உதடு நடுங்கறதைக்கூட மெழுகு பூசி நேராக்கிடும். அணைச்சிடுங்க.

சத்தம்தான் எல்லாத்தையும்விடப் பெரிய தலைவலி. மெல்லிசு டிவியில ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துக்கிட்டு இருக்கும். நம்மகிட்ட பேச வேண்டியவன் சுவத்துக்கிட்ட பேசறான். சரவுண்ட் மோடு போட்டிருந்தா ஜனங்க சிரிப்பு ரூம் முழுக்கப் பரவி வசனம் அமுங்கிடும். அதை நிறுத்திட்டு, கிளியர் வாய்ஸ்னோ ஸ்பீச்னோ ஏதாவது இருந்தா போடுங்க. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர்னு கடல் பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒரு தனி வார்த்தை: உப்புக்காத்துல போர்டுல பச்சை பூக்கும், ஸ்பீக்கர் கனெக்‌ஷன் அரிக்கும், ஒரு பக்கம் மட்டும் கரகரன்னு வரும். நீங்க ஆப் மேல பழி போட்டுக்கிட்டு இருப்பீங்க. கொண்டு வாங்க, பார்க்கலாம்.

அப்புறம் ஆட்டோபிளே. இதுக்காகவே ஒரு பத்தி தனியா எழுதணும். கடைசிக் காட்சியில பில் வில்லைக் கட்டிப்பிடிச்சதும் கேமரா அவங்களை விட்டுட்டு மெதுவா நகர்ந்து, அப்பாவுக்குக் குடுக்கறதுக்காக வில் வாங்கி வச்சிருந்த பரிசுல போய் நிக்கும். ஒரு அப்பா குழந்தையை வச்சிருக்கற மாதிரி ஒரு சிலை. அதுதான் கடைசி ஷாட். ஆட்டோபிளே ஓடுச்சுன்னா, சரியா அந்த நேரத்துல படம் ஒரு மூலைக்குச் சுருங்கி, 'அடுத்த எபிசோட் இன்னும் 5 நொடியில'ன்னு எண்ண ஆரம்பிச்சுடும். நான் தனியா முதல் தடவை முழுசா பார்த்தப்ப அதுதான் நடந்தது. சிலையை நான் பார்க்கவே இல்ல. சிலை இருக்குன்னு கண்டுபுடிச்சதே மறுபடி பார்த்தப்பதான். ஆப்புல உங்க கணக்குக்குள்ள போய், ஆட்டோபிளேயை முன்னாடியே நிறுத்தி வைங்க. நேரம் வரும்போது ரிமோட்டைத் தேடினா கையில சிக்காது.

தின்பண்டம்: முறுக்கு, காராச்சேவு, அப்பளம் கூடாது. முக்கியமான இடத்துல ஒரு நொடி ஒண்ணும் பேசாம நிப்பாங்க, அங்க ஒருத்தர் கடக்குன்னு கடிச்சா போச்சு. முந்திரி, பழம், பலாச்சுளை, எது வேணா சத்தம் போடாததா வைங்க.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது யாரோட பார்க்கறீங்கங்கறது. இதுல நான் சறுக்கினேன். அதனால நிதானமா சொல்றேன்.

பையன் போன்ல பார்க்கறதைப் பார்த்துட்டு, முழு எபிசோடையும் கண்டுபுடிச்சு, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஹால்ல போட்டேன். நல்லது பண்றதா நினைப்பு. அவன் அம்மாகிட்ட கேக்கல. அது பாண்டிச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்க்குது. தினமும் பஸ்ல போய் வரும், வீட்டுக்கு வர எட்டரை ஆகும். அது வரதுக்குள்ள முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டேன். எபிசோடு இருபத்திச் சொச்ச நிமிஷம்தானே. ஆனா கரண்ட் ஒருதரம் போய் வந்தது, கால்மணி நேரம் தள்ளிப் போச்சு.

வில் கத்திக்கிட்டு இருக்கான். வாசல்ல செருப்பு கழட்டற சத்தம். கொழுந்தியா உள்ள வந்து கதவுகிட்டயே நின்னுட்டுது. தோள்ல டிபன் பை, கையில மடக்காத குடை, குடை நுனியிலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. டிவியைப் பார்க்குது, பையனைப் பார்க்குது. வில் சொல்லிக்கிட்டிருக்கான்: வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன், சவரம் பண்ணக் கத்துக்கிட்டேன், அவர் இல்லாமலே 14 பிறந்தநாள் கொண்டாடினேன், ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பல. அதுக்கு இங்கிலீஷ் அவ்வளவா தெரியாது. அந்தக் காட்சி புரிய இங்கிலீஷ் வேணாம்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? சும்மா இருந்திருக்கணும். நான் பாஸ் அமுக்கினேன். வில் வாயைப் பாதி திறந்தபடி நிக்கறான். "வாம்மா, உட்காரு, சும்மா ஒரு காமெடி"ன்னேன். காமெடின்னு சொன்னேன் பாருங்க! பையன் எழுந்து மாடிக்குப் போயிட்டான். கொழுந்தியா குடையை மடக்கி மூலையில சாய்ச்சு வச்சுட்டு, "எனக்குச் சொல்லியிருக்கலாமே மாமா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போச்சு. என் வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அதனால: உங்க வீட்டுல இந்தக் கதை யாருக்காவது பொருந்தும்னா, முதல்ல அம்மாகிட்ட கேளுங்க. அப்புறம் பிள்ளைகிட்ட. கேக்கற விதமும் இருக்கு. "உன் கதை மாதிரி ஒண்ணு இருக்கு, பாரு"ன்னு சொல்லிடாதீங்க, அது ஆளை உட்கார வச்சு ஊசி போடற மாதிரி. "இப்படி ஒரு எபிசோட், அப்பா வந்துட்டுப் போயிடறார், பார்க்கலாமா?"ன்னு கதையை உடைச்சுச் சொல்லிக் கேளுங்க. முடிவு தெரிஞ்சா சுவை போயிடுமேன்னு கவலைப்படாதீங்க. மறுபடி பார்க்கறதுதானே நம்ம வேலை. வேணாம்னு சொன்னா அத்தோட விட்டுடுங்க.

பாஸ் அமுக்கக்கூடாதுன்னு தனியா சொல்லணுமா? சொல்லிட்டேன்.

கொழுந்தியா ரெண்டு வாரம் கழிச்சு அதுவா கேட்டுது. "அன்னிக்குப் பாதியில நின்னுச்சே மாமா, முழுசா போடுங்க. நானும் பார்க்கறேன்." ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அதுக்கு லீவு. இந்தத் தடவை செட்டிங்ஸ் எல்லாம் பண்ணி வச்சிருந்தேன். அதுக்குள்ள நான் தனியா அந்த எபிசோடை நாலு தடவை பார்த்திருந்தேன், கடையில ரிப்பேருக்கு வந்த ஒவ்வொரு டிவியிலயும் சோதனைக்குன்னு. அந்த நாலு தடவையில நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரையில நிஜமான சரக்கு.

முதல் தடவை எல்லாரும் வில்லைப் பார்ப்போம். பார்க்காம இருக்க முடியாது. ரெண்டாவது தடவை பில்லை மட்டும் பாருங்க. ஜேம்ஸ் ஏவரின்னு அந்த நடிகர் பேர், 2013 டிசம்பர் 31ல காலமாயிட்டார். முதல் பாதியில அவருக்கு லூ மேல நம்பிக்கை இல்ல, அதை மறைக்கவும் இல்ல. அதுக்காக வில்கிட்ட வாங்கிக் கட்டிக்கறார். நீங்க ஒண்ணும் என் அப்பா இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறான். அங்க நிறுத்தாம அடுத்த காட்சியையும் சேர்த்துப் பாருங்க. இப்படிக் கேட்டவனுக்காகத்தான் அவர் லூவோட மல்லுக்கு நிக்கறார். வேணும்னா எடுத்துப் போட்டுக்கவும் வேணாம்னா அலமாரியில மாட்டிவைக்கவும் அவன் கோட்டு இல்லைன்னு கத்தறார். நான் மேல சொன்ன சகலைப் பேச்சு இதுதான். லூ நழுவப் பார்க்கறார், பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்கங்கறார். பில் ஒத்துக்கல. அப்பத்தான் வில் பெட்டி படுக்கையோட சிரிச்சுக்கிட்டு உள்ள வரான்.

இங்கேர்ந்து பில்லுக்கு வசனமே கிடையாதுன்னு சொல்லலாம். லூ ஏதோ வேலை வந்துடுச்சு, அடுத்த வாரம் போன் பண்றேன்னு சொல்லிட்டு நகர்றார். மகனேன்னு சொல்லி விடைபெறறவர்கிட்ட, வில் பதிலுக்கு அவரைப் பேர் சொல்லி 'லூ'ங்கறான். இதை வீட்டுப் பெரியவங்களுக்குக் காட்டிக் குடுங்க, இல்லாட்டி அமெரிக்காவுல அப்பனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவானுங்கபோலன்னு தாண்டிடுவாங்க. அங்கயும் அது வழக்கம் இல்ல. அந்த ஒரு வார்த்தையில வில் அவரை அப்பாங்கற இடத்துலேர்ந்து இறக்கிட்டான்.

கதவு சாத்தினதும் வில் ஜோக் அடிக்கப் பார்க்கறான். இதுவும் நல்லதுக்குத்தான், கோடையில பொண்ணுங்களைப் பார்க்கலாம்னு ஏதோ சொல்றான். அது இந்தச் சீரியலோட வழக்கமான ஜோக்தான், வேற எந்த எபிசோடுல சொன்னாலும் ஸ்டுடியோ அதிரும். பில் சிரிக்கல. கோபப்பட்டா தப்பில்லைங்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்றார். அதுக்கப்புறம் வில் நிறுத்தாம பேசறான், நடந்து நடந்து பேசறான். பாஸ்கெட்பால்ல முதல் கூடையை அவர் இல்லாமலே போட்டேன்தானே, நல்லாவே போட்டேன்தானேன்னு கேக்கறப்ப, பில் ஆமாங்கறார். அவ்வளவுதான். அறிவுரை இல்ல, அவன் அப்படித்தான்டான்னு லூவைத் திட்டறது இல்ல, நான் இருக்கேன்லன்னு மார்தட்டறது இல்ல. பையன் முழுசா காலியாகற வரைக்கும் நின்னு கேக்கறார். காலியாகி, அவருக்கு ஏன் நான் வேணாம்னு கேட்டதும், பதில் சொல்ல முயற்சியே பண்ணாம இழுத்து அணைச்சுக்கறார்.

எனக்கு வேர்த்துடுச்சு. இத்தனை வருஷமா பையன் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ஏதாவது சொல்லியிருக்கேன். "விட்றா, நல்லா படி, அது போதும்." "அவர் கஷ்டம் அவருக்கு." நல்லதுன்னு நினைச்சுச் சொன்னதுதான். அவன் பேச்சு எங்க போய் முடியும்னு கேக்க நான் ஒருதடவைகூட விட்டதில்ல. அதனாலதான் மாடி இருட்டுல போன் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான்.

கிளிப்புக்குக் கீழ பலரும் எழுதற ஒரு கதையையும் இங்கயே தீர்த்துடறேன். வில்லா நடிச்ச வில் ஸ்மித்தை நிஜமாவே அப்பா விட்டுட்டுப் போனார், அதனாலதான் எழுதினதை விட்டுட்டு அவரா அழுதார்னு சொல்வாங்க. பொய். அவர் அப்பா அவர் வாழ்க்கையில இருந்தவர். வில் ஸ்மித்தே பிற்பாடு சொன்னது வேற: ஜேம்ஸ் ஏவரிகிட்ட நல்ல பேர் வாங்கணும்னு துடிச்சு, ஜனங்க முன்னாடி வசனத்துல தடுமாறியிருக்கார். ஏவரி, என்னைப் பாரு, என்னை வச்சு நடின்னு சொல்லியிருக்கார். கடைசியில அந்த அணைப்புல இருக்கும்போது காதுகிட்ட, இதுதான்டா நடிப்புங்கற மாதிரி சொன்னாராம். அப்பாவா வர்ற பென் வெரீனும் சும்மா ஆள் இல்ல, 1973லயே டோனி விருது வாங்கின நாடகக்காரர். அதனாலதான் லூவை வெறும் வில்லனா பார்க்க முடியல. கிளம்பும்போது அவர் மூஞ்சியில நிஜமான வெட்கம் தெரியும். மூணாவது தடவை பார்த்தா அவரைப் பாருங்க. எனக்கு மூணாவது தடவையும் கோபம்தான் வந்தது, ஆனா கொஞ்சம் குறைச்சலா.

ஞாயித்துக்கிழமைக்கு வரேன். விளக்கை முழுசா அணைக்காதீங்க. இருட்டுல உட்கார்ந்தா எல்லாரும் அழுவாங்கன்னு எதிர்பார்க்கற மாதிரி ஆயிடும். சமையல்கட்டு விளக்கு மட்டும் எரிஞ்சுது. எதிரெதிரே உட்காரவும் வேணாம், எல்லாரும் டிவியைப் பார்த்து ஒரே வரிசை. யார் மூஞ்சியையும் யாரும் பார்க்க வேண்டியதில்ல. பையன் தரையில, அவன் அம்மா அவனுக்குப் பின்னாடி சோபாவுல. நான் ஓரத்து நாற்காலி.

முதல் பாதியில நல்லா சிரிச்சோம். மாமியார் லூவைப் பார்த்து, "ஆளு மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கான்"னாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. வில் பேச ஆரம்பிச்சப்ப நான் டிவியை விட்டுட்டு என் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், ரிமோட் அதுல இருந்தது, பாஸ் பட்டன் மேல கட்டைவிரல் போகாம பார்த்துக்கிட்டேன். கொழுந்தியா காலை மடக்கி உட்கார்ந்திருந்தது, முட்டி பையன் தோள்ல பட்டுக்கிட்டு இருந்தது, ரெண்டு பேரும் நகரல. அணைப்பு வந்தது. கேமரா நகர்ந்தது. இந்தத் தடவை படம் சுருங்கல. சிலை முழுசா தெரிஞ்சுது.

முடிஞ்சதும் உடனே எழுந்து டியூப்லைட்டைப் போடாதீங்க. "எப்படி இருந்தது?"ன்னும் கேக்காதீங்க. பேர்கள் ஓடி முடியட்டும். யாருக்காவது பேசணும்னா அவங்களா பேசுவாங்க.

பையன்தான் முதல்ல பேசினான். "அந்த பொம்மைய இவரே வச்சுக்கலாம்ல பெரியப்பா?"

"எவரு?"

"அங்கிள் பில்."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஏதோ வந்துடுச்சு. "வச்சுக்கலாம்டா"ன்னு மட்டும் சொன்னேன். கொழுந்தியா எழுந்து தோசைக்கல்லை அடுப்புல போட்டுது. என் பொண்ணு ஜாஸை எறியற எபிசோடைப் போடச் சொல்லி நச்சரிக்க ஆரம்பிச்சா. பையன் என் கையிலேர்ந்து ரிமோட்டை வாங்கி, செட்டிங்ஸுக்குள்ள போய், நான் அணைச்சு வச்சிருந்த மோஷனை மறுபடி ஆன் பண்ணினான்.

"நாளைக்கு மேட்ச் இருக்கு பெரியப்பா. நீங்க மறந்துடுவீங்க."